எலும்பு டாக்டரும் முழங்கால் நீரும்

முழங்காலிலிருந்து எடுத்த நீரை ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டு கீழே விட்டுப் பார்ப்பது எலும்பு டாக்டரின் வழக்கம். நல்ல மூட்டுநீர் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக நீண்டு, தொங்கிவிட்டுத்தான் அறும். பூம்பாறையிலிருந்து வந்த அக்காவின் நீர் நீளவே இல்லை. கலங்கலாக, குழாய்த் தண்ணீராகச் சொட்டியது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். தெரியாமல் தவறு செய்தவரை மன்னித்துவிடலாம். இவர் தெரிந்தவர், அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் கொடைக்கானலில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். வியாழக்கிழமைகளில் அவர் கீழேயிருந்து காரில் வருவார். வந்ததும் குளிரைத் திட்டுவார், ரோட்டைத் திட்டுவார், பிறகு எங்கள் சனங்களைத் திட்டுவார். மலைக்காரன் முழங்காலுக்கு அவர் அகராதியில் இருந்தது ஒரே நோய்தான்: சுமை தூக்கியதால் வந்த தேய்மானம். ஏதோ மாநாட்டில் பிடித்துக்கொண்டு வந்த ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு, கேரட் பறிப்பவரிடமும் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குபவரிடமும் பிரசங்கம் செய்வார். முடிவில் எல்லோருக்கும் ஒரே சத்து மாத்திரை. அந்த மாத்திரைக் கம்பெனியின் பிரதிநிதி பாதி நாள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்.

பிரசங்கம் என்னவோ சுத்தமாகத்தான் இருக்கும். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூட்டுக்குள் கும்பலாகப் புகுந்து, எதிரி இருப்பதாக எண்ணி, பட்டதையெல்லாம் அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற ரசாயனத் துகள்களை வாரி இறைக்கின்றன. மூட்டுநீருக்கு வழவழப்பைத் தருகிற நீளமான இழைகளை அந்தத் துகள்கள் துண்டு துண்டாக அறுக்கின்றன. இழை அறுந்தால் நீர் நீர்த்துப் போகும், குருத்தெலும்பு அரிபடும். அவரிடமிருந்துதான் நானும் இதைக் கற்றேன். இவ்வளவும் தெரிந்த மனிதருக்கு எதிரே இருந்த அக்காவின் விரல்களைப் பார்க்கத் தெரியவில்லை. அவை கணுக்கணுவாக வீங்கியிருந்தன.

அக்கா தானாகவே சொன்னார்: “வெள்ளனே எந்திரிச்சா கை மடங்கவே மாட்டேங்குதுங்க. பொழுது ஏறுற வரைக்கும் பூண்டுக் கட்டுக் கட்ட முடியலைங்க.” மலைக்குளிரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று டாக்டர் பிரதிநிதியைப் பார்த்துச் சிரித்தார். பிரதிநிதியும் சிரித்தார்.

நீர் என்னிடம் வந்தது. வெள்ளணுக்களை எண்ணி உடனே சொல்ல வேண்டும். அவசரத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். ரத்தத்தை எண்ணும்போது கலக்கும் அமிலத் திரவத்தையே இதிலும் கலந்துவிட்டேன். மூட்டுநீரில் அமிலம் பட்டால் பால் திரிவதைப் போலத் திரியும், அணுக்கள் அந்தத் திரிதலில் சிக்கிக்கொள்ளும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். உப்புநீரில்தான் கலக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். குறைந்த எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். டாக்டர் அதைப் பிரதிநிதிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்து, வெறும் தேய்மானம் என்று தீர்ப்புச் சொன்னது என் மேஜை வரை கேட்டது.

குழாயைக் கழுவ எடுத்தபோதுதான் அடியில் படிந்த திரிதலைக் கவனித்தேன். மிச்சமிருந்த நீரை உப்புநீரில் கலந்து மறுபடி பார்த்தால், லென்ஸுக்குக் கீழே இடமே இல்லாமல் வெள்ளணுக்கள். வெறும் தேய்மானத்தில் இத்தனை வராது, இது முடக்குவாதத்தின் அடையாளம். புதிய சீட்டோடு ஓடினேன். அவர் படித்தார். புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பேஷண்ட் முன்னாடி சொல்லியாச்சும்மா. இனிமே மாத்துனா இந்த மலைக்காரங்க நம்மள நம்ப மாட்டாங்க. ஒரு பேஷண்டுக்கு ஒரு ரிப்போர்ட் போதும்.”

பூம்பாறை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அக்கா எதிர் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. சாலையைக் கடந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை முக்கியமாக இருந்தது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

எலும்பு டாக்டருக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் வந்து மூட்டுகளைப் பாதுகாக்க வழி சொல்கிறார். தலை நரைத்திருக்கிறது, அதே ஃப்ரீ ராடிக்கல், அதே சிரிப்பு. சேனலை மாற்றிவிடுகிறேன். அவரைத் திட்டித் தீர்ப்பது எனக்குச் சுலபம். அக்கா மறுபடி வந்த நாளை நினைக்கும்போதுதான் திட்டு நின்றுவிடுகிறது.

முதல் தடவை வந்து இரண்டு வருடம் கழித்து, மதுரையில் பார்த்த வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைக்காக வந்தார். முழங்காலை நீட்ட முடியவில்லை, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. சத்து மாத்திரையை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறார். சரியான மருந்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, போன விரல்கள் திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

“அந்த மதுர டாக்டரு அன்னைக்கு நீ எழுதிக் குடுத்த சீட்டப் பாத்துட்டு, எண்ணுனவுங்க தப்பா எண்ணியிருப்பாங்கன்னாரு தாயி. நான் விடலையே. அது நல்ல பிள்ள, தப்பா இருந்தா அன்னைக்கே ஓடியாந்து எங்கிட்டச் சொல்லியிருக்கும்னு சொல்லிட்டேன்.”

ரத்தம் எடுக்க வேண்டும். கையை நீட்டுங்கள் என்று கேட்காமல், விரல் சாய்ந்த அந்தக் கையை நானே எடுத்து மேஜைமேல் வைத்தேன்.