மழைக்கு மூடிய பந்தல்

1. மதியம் வந்த போன்

"மேடம், உங்க மெசேஜ பாத்துட்டேன். நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியாச்சு. இனிமே எவ்ளோ மழ வந்தாலும் ஒரு சொட்டு உள்ள எறங்காது."

காதர் பாய் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். நெல்லித்தோப்பில் பந்தல் கான்ட்ராக்ட் எடுப்பவர். நான் வேலை பார்ப்பது புதுச்சேரியில் ஒரு சிறிய தனியார் வானிலை நிறுவனம். படகுக்காரர்கள், கட்டட மேஸ்திரிகள், பந்தல் போடுகிறவர்கள் எல்லாருக்கும் தினமும் போனில் அறிக்கை அனுப்புவோம். அன்று காலை பாய்க்குப் போனது இதுதான்: "மாலையில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு. பலத்த காற்றும் வீசலாம்."

நாலு பக்கமும் மூடியாச்சு என்றதும் எந்த இடம் என்று கேட்டேன். ஆவணி முகூர்த்தம். வீராம்பட்டினம் பக்கம் சமுதாயக் கூடத்துக்கு முன்னால் இருக்கும் திடலில் இரும்புக் கம்பிப் பந்தல். சாயங்காலம் ரிசப்ஷன். சாப்பாடு கூடத்துக்குள்ளே, மேடையும் கூட்டமும் பந்தலுக்குக் கீழே. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. பலூன் சொன்னது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விடியற்காலையில் காரைக்காலிலும் சென்னையிலும் பலூன் விடுகிறார்கள். அது மேலே போகப் போக வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். அதைச் சவுண்டிங் என்போம்.

அதில் முதலில் பார்ப்பது கேப். தரையிலிருந்து கிளம்பும் காற்று, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால் தானாகவே மேலே ஏறும். அப்படி ஏற அதற்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று கேப் சொல்லும். அடுத்தது சின். இது மூடி. தெம்பு எவ்வளவு இருந்தாலும் மூடி திறக்காவிட்டால் இடிமேகம் கட்டாது. சுள்ளென்ற வெயிலோ, உள்ளே நுழையும் கடற்காற்றோ அதைத் திறந்துவிடும். பிறகு ஈரம். தரைக்குப் பக்கத்தில் உள்ள ஈரத்துக்கு டியூ பாயிண்ட், தரையிலிருந்து உச்சி வரைக்கும் மொத்தமாக உள்ள நீராவிக்குப் பி.டபிள்யூ.

அன்றைக்குக் கேப் தாராளம், மூடி லேசு. மதியம் கடற்காற்று வந்ததும் டியூ பாயிண்டும் ஏறிவிட்டது. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேலே காற்று வறண்டு கிடந்தது. அதனால் பி.டபிள்யூ. சுமார்தான்.

புதியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். மேலே காய்ந்து கிடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மழை குறையும், உண்மைதான். ஆனால் விழுகிற துளி அந்த வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகும். ஆவியானால் காற்று குளிரும், குளிர்ந்தால் கனக்கும், கனத்தால் தொப்பென்று கீழே விழுந்து நாலாபுறமும் சீறும். அந்தக் கணக்குக்கு டி-கேப் என்று தனி எண் உண்டு. அன்று அது நன்றாகவே மிரட்டியது. வரப்போவது கொஞ்சம் மழை, நிறையக் காற்று.

எங்கள் அறிக்கையின் வரிசையோ வேறு. முதல் வரி மழை, கடைசி வரி காற்று. யாருக்கும் முதல் வரியைத் தாண்டிப் படிக்கிற பழக்கம் இல்லை. பாயும் மனிதர்தானே.

3. திடலில்

நான் போனபோது பந்தல் நாலு பக்கமும் இறுக்கி மூடி, பெட்டி மாதிரி நின்றது.

"பாய், பக்கத்துத் தார்ப்பாய எல்லாம் அவுத்துடுங்க."

"இன்னா மேடம், மழன்னு நீங்கதான சொன்னீங்க?"

"மழ கொஞ்சந்தான் பாய். காத்துதான் பெருசு. இப்படி மூடி வச்சா காத்து பூந்து போவ வழி இல்ல. பந்தலயே சாய்ச்சிடும்."

பாய் கம்பிகளை ஒரு சுற்று பார்த்தார். "எனக்குப் புரியுது மேடம். பொண்ணோட அப்பாகிட்ட யாரு சொல்றது?"

பெண்ணின் அப்பா ஏழுமலை. கிராமத்தில் நிலம், புதுச்சேரி சாரம் பகுதியில் வீடு, டவுனில் ஆபீஸ் வேலை. கல்யாண அலைச்சலில் தூங்காத கண். நான் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, காலைல மூடச் சொல்றீங்க, இப்ப அவுக்கச் சொல்றீங்க. வெளாடுறீங்களா? எம் பொண்ணு மேடையில நனையணுமா?"

மூடச் சொன்னது நான் இல்லை. எனக்கும் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு போனில் ரேடார் படத்தைக் காட்டினேன். விழுப்புரத்துக்கு மேலே சிவப்பாக இருந்தது. கிழக்கே நம்மைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது.

"சார், மழ வந்தா பட்டுப்பொடவ நனையும், அவ்ளோதான். காத்துல இந்தக் கம்பி சாஞ்சா கீழ உக்காந்திருக்கறவங்க தலயில விழும். எது பரவால்லன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் தலைக்கு மேலே இருந்த கம்பிகளைப் பார்த்தார். "அவுங்க பாய்" என்றார்.

ஆனால் வாசலில் சவுக்குக் கழியில் கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸ் போர்டை இறக்க மட்டும் சம்மதிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அத்தயும் எறக்கிட்டா கல்யாணக்களையே போயிடும்மா. அது மட்டும் இருக்கட்டும்."

அதற்குக் கீழேதான் வரவேற்பு மேசை. அதையாவது கூடத்துக்குள் போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். முனகிக்கொண்டே ஆள்விட்டுத் தூக்கினார். வந்த ஜனத்தையும் உள்ளே அனுப்பினார்.

மேற்கே இருட்டியது. புழுக்கத்தை வெட்டிக்கொண்டு சில்லென்று ஒரு காற்று. நல்லாயிருக்கே என்று சொல்ல வாயெடுத்தவர் வாயில் மணல். மேலே இருந்த ஷீட் படபடவென்று அடித்துக்கொண்டது, கம்பிகள் முனகின. ஆனால் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. பந்தல் நின்றது. வாசலில் மட்டும் சவுக்குக் கழி முறிந்து, போர்டு சட்டத்தோடு மேசை இருந்த இடத்திலேயே குப்புற விழுந்தது. மழை என்னவோ தெருவைக்கூட முழுசாக நனைக்கவில்லை.

காற்று அடங்கியதும் ஏழுமலை போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எந் தம்பி பொண்ணுங்க ரெண்டும் பன்னீர் தெளிக்கறேன்னு இங்கதான நின்னுச்சுங்க" என்றார். அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவி கீழே விழுந்தது. பயம்தான், வேறென்ன.

ரிசப்ஷன் தாமதமாகத்தான் தொடங்கியது. பெண் நனையவில்லை.

4. அதற்குப் பிறகு

மறுநாளே பந்தல்காரர்களுக்கான அறிக்கையில் காற்றை முதல் வரிக்குக் கொண்டுவந்தோம். அதைவிடப் பெரிய மாற்றம், அறிக்கை வாங்கப் புதிதாக எந்த வாடிக்கையாளர் சேர்ந்தாலும் முதலில் நான் கேட்கும் கேள்வி: "மழன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?" அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் கேப்பும் சின்னும் பார்க்க உட்காருவேன். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்கிறவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்பதும் தெரிய வேண்டும்.

காதர் பாய் இன்றைக்கும் போன் செய்கிறார். மழை வருமா என்று அவர் என்னைக் கேட்டு வெகு காலமாகிறது.

"மேடம், மூடவா, அவுக்கவா?"

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.