மூக்கு போன பிறகு வறுத்த காப்பி

ஓசூரில் கடை தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு காய்ச்சலில் எனக்கு வாசனை தெரியாமல் போயிற்று. ஐந்து நாள் படுத்து எழுந்து கடையைத் திறந்து, வழக்கம்போல் காப்பிக்கொட்டையை வறுத்து இறக்கினேன். புகை கண்ணைக் கரித்தது; வாசனை மட்டும் இல்லை. அரைத்த தூளை மூக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஏதோ திரும்பி வந்தது. அதற்கு ஒன்றும் வராமலே இருந்திருக்கலாம். காப்பி மண்ணெண்ணெயாக நாறியது.

என் கடையில் சிக்கரி கிடையாது. ஏற்காட்டிலிருந்தும் சிக்மகளூரிலிருந்தும் பச்சைக் கொட்டை வரும். கடையிலேயே சின்ன இயந்திரத்தில் நானே வறுப்பேன். அதற்காகத்தான் பதினோரு வருடம் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டேன். பிரேக் பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலை. மருத்துவரிடம் போனேன். “வரலாம், வராமலும் போகலாம்” என்றார்.

“கொஞ்ச நாளைக்கு வறுத்த கொட்டையே வாங்கிப் போட்டுக்கலாமே” என்றார் கணவர்.

“அடுத்தவங்க வறுத்தத விக்கறதுக்கா வேலைய விட்டேன்?”

அவர் தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். நான் அன்று சாப்பிடவில்லை. கோபமில்லை, சோறும் நாறியது.

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தொழிற்சாலையில் எந்தப் பாகத்தையும் மோந்து பார்த்து நான் சரிபார்த்ததில்லை. அளவு இருந்தது, கண் இருந்தது, காது இருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் சூட்டை எழுதினேன். கொட்டை எப்போது மஞ்சளாகிறது, எப்போது முதல் வெடிப்பு, அதன்பின் எத்தனை நொடி என்று எழுதினேன். வெடிப்புச் சத்தம் சோளம் பொரிவதுபோல் இருக்கும். சாலையில் லாரிகள் ஓடத் தொடங்கினால் அது கேட்காது என்பதால், விடிந்ததும் முதல் வேலையாக வறுத்தேன்.

அளவுகள் சரியாக வந்தன. ஆனால் காப்பி நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்ல ஒரு மூக்கு வேண்டியிருந்தது. கல்லாவைப் பார்த்துக்கொள்ளத் தோழி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி, தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள்.

“எனக்கு காப்பியே ஆவாதுக்கா. தலை வலிக்கும்” என்றாள்.

“குடிக்க வேணாம். மோந்து பாத்துட்டு என்ன தோணுதோ சொல்லு.”

மூன்று விதமாக வறுத்த தூளை அவள் முன்னால் வைத்தேன். குனிந்து மோந்தாள். “ராகி வறுக்கற மாதிரி இருக்குது.” அடுத்ததற்கு, “நனஞ்ச சாக்கு.” மூன்றாவதை இரண்டு முறை மோந்தாள். “வெல்லம் காய்ச்சறாங்க இல்ல, கொப்பரை ஓரத்துல லேசா தீயும் பாரு, அந்த வாசன.”

அவள் சொன்னதை அப்படியே சூட்டின் அளவுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வெல்ல வாசனை வரவேண்டுமானால் வெடிப்புக்கு முன்பே தீயைக் குறைக்க வேண்டும் என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ முறை வறுத்ததைக் குப்பையில் கொட்டினேன். தினமும் வரும் பொறியாளர் ஒருவர், “பத்து நாளா பச்சையா இருக்குங்க” என்று பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். என் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அதையும் எழுதிவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் மூன்று காப்பிக் கடை வைத்திருப்பவர் கொட்டை வாங்க வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். மேசையில் ஐந்து கோப்பைகளில் தூள் போட்டு வைத்தேன். எல்லாம் ஒரே நாளில் வறுத்தவை. வெந்நீர் ஊற்றுமுன் அவரிடம் சொல்லிவிட்டேன்.

“சார், எனக்கு வாசனை சரியாத் தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு.”

சுவை பார்க்க எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ எப்பிடி வறுக்கறீங்க?”

நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். புரட்டினார். ‘நனஞ்ச சாக்கு’ என்ற இடத்தில் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. “குடிச்சுப் பாருங்க சார். பிடிக்கலன்னா போயிடுங்க” என்று வெந்நீரை ஊற்றினேன்.

அவர் முதல் கோப்பையை உறிஞ்சுவதற்குள், என் பக்கத்தில் நின்ற தோழி நான்காவது கோப்பையை நகர்த்தி வைத்தாள். “இது வேணாம் சார். பூசணம் அடிக்குது.” அவர் விடாமல் அதையும் மோந்து, சுவைத்து, துப்பினார். ஒரு கெட்ட கொட்டை அதில் விழுந்திருக்க வேண்டும். மற்ற நான்கையும் இரண்டு முறை சுற்றிவந்து குடித்தார். “சென்னாகிதே, நல்லா இருக்கு” என்றார். பிறகு தோழியைப் பார்த்து, “நீங்க என் கடைக்கு வர்றீங்களா?” என்று கேட்டார்.

“எனக்கு காப்பி ஆவாது சார்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவருக்கு வாராவாரம் அனுப்புகிறோம். எனக்கு மல்லிகை வாசனை திரும்பிவிட்டது, சோப்பும் தெரிகிறது. காப்பி மட்டும் சில நாள் இன்னும் மண்ணெண்ணெயாகத்தான் நாறுகிறது. புளிப்பையும் கசப்பையும் நாக்கு சொல்லிவிடுகிறது. மற்றதை அவள் சொல்கிறாள். போன வாரம் ஏற்காட்டுப் புதுக் கொட்டை வந்தது. முதல் முறை வறுத்ததுமே வாசனை அவளுக்குப் பிடித்துவிட்டது, எனக்குப் புளிப்பு அதிகமாகப் பட்டது. தீயை மாற்றி மேலும் இரண்டு முறை வறுத்தோம். இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. நாளைக்கு நான்காவது முறை.