மணல்திட்டில் தண்ணீர் ஏறும் நேரம்

கடலை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் ராமேசுவரத்தில். அதைத் தவிர வேறு தீவு எதையும் பார்த்ததில்லை. இருந்தும் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை ஓரமாக நின்று, ஆளில்லாத ஒரு தீவில் நடக்கும் மர்மத் தொடர்கதையைப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். வாரம் ஓர் அத்தியாயம், திங்கட்கிழமை காலையில் ஒரு செயலியில் வெளியாகும்.

அதை எழுதும் துணிச்சல் வந்ததே என் கணவரால்தான். அவர் பம்ப்செட் ஃபிட்டர். அந்தமானில் ஒரு கடைக்கோடித் தீவில் கட்டிக்கொண்டிருந்த விடுதிக்கு மோட்டார் பொருத்த, கம்பெனியில் மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே படகுத்துறையில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே வந்து கூப்பிடுவார். நான் கேள்வி கேட்பேன். விடியலில் எந்தப் பறவை கத்துகிறது, மழை வருமுன் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றெல்லாம். கதைப் புத்தகமே தொடாத மனிதர், எனக்காகச் சுற்றிலும் பார்க்கத் தொடங்கியிருந்தார். “இன்னைக்கு ஒரு நண்டு பாத்தேன் கண்ணு, தென்னை மரத்துல ஏறுது. உன் கதைக்கு ஆகும்” என்பார்.

அடுத்த அத்தியாயத்தில் என் நாயகன், கடல் வற்றும்போது தெரியும் மணல்திட்டு வழியாகப் பக்கத்துக் குட்டித்தீவுக்கு நடந்து போகிறான். பாதி வழியில் தண்ணீர் ஏறுகிறது. அவர் இருந்த இடத்திலும் அப்படியொரு திட்டு உண்டு என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை கேட்டேன்.

“ஏனுங்க, தண்ணி ஏற ஆரம்பிச்சா முழுசா மூடறதுக்கு எவ்வளவு நேரமாகும்? அது தெரியாம எழுத வரமாட்டேங்குது.”

“நாளைக்கு லீவுதான. போய் நின்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சரிங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஏழுக்கு நான் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. டவர் போவது அங்கே புதிதல்ல என்று மனதைத் தேற்றிக்கொண்டு, செயலியில் வாசகர்கள் எழுதியிருந்ததைப் பார்க்க உட்கார்ந்தேன். ‘அடுத்த வாரம் இவன் கட்டாயம் சாவான், பாருங்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நாற்பது ஐம்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்போதுதான், அந்தமான் போன முதல் வாரம் என் கணவர் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. கரையோரம் நட்டிருந்த முதலை எச்சரிக்கைப் பலகை. அதை இரண்டாம் அத்தியாயத்தில் ஆசையாகச் சேர்த்தவள் நான்தான்.

திங்கட்கிழமை கம்பெனி சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அங்கெல்லாம் டவர் அப்படித்தானுங்க, காண்டிராக்டர் மூலமாகச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். மணல்திட்டு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு கதைக்காக, நாற்பது வயது மனிதரைக் கடலுக்குள் நிற்க வைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் ஒரு முழு நாள் போயிற்று. அன்றைக்கு அத்தியாயம் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டு வந்த செய்திகளைத் திறக்கவும் இல்லை. போன் ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவர் எண்ணா என்று மட்டும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தன் மகன் பேசாததை டவர் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கைவேலை நின்றது.

“நீ கேட்டா அவன் செய்வான்னு உனக்குத் தெரியாதா அம்மணி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியுங்க அத்தை என்றேன். அது உண்மை. சூப்பர்வைசரைத் திரும்பக் கூப்பிட்டு இதையும் சொல்லச் சொன்னார் அத்தை. சொன்னேன். நேற்றே சொல்லியிருக்கலாமுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் நாங்கள் இருவரும் சமையல் செய்யவில்லை. அத்தை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

பதினொன்றரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவர் குரல்.

போயிருக்கிறார். திட்டின் நடுவில் நின்று, முன்னால் ஏறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகுப் பக்கம், கரையை ஒட்டி இருந்த பள்ளம் அதற்குள் நிறைந்து இழுக்கத் தொடங்கிவிட்டது. திரும்ப முடியாமல் குட்டித்தீவுக்கு ஓடிப் பாறையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். போன் நனைந்து செத்துவிட்டது. சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு பார்த்து ஏற்றிக்கொண்டு தங்கள் ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறது. டவரே இல்லாத இன்னொரு தீவு. அங்கிருந்து படகு கிளம்பியது செவ்வாய்க்கிழமைதான். படகுத்துறையில் இறங்கியதும் படகோட்டியின் போனை வாங்கிக் கூப்பிட்டார்.

“நாப்பது நிமிசம் கண்ணு. வாட்ச்சப் பாத்துட்டுத்தான் நின்னேன்” என்றார். “ஆனா பயம் தண்ணியப் பாத்து வல்ல. கரை நம்மள உட்டுப்போட்டு நகந்து போற மாதிரி இருந்துச்சு பாரு, அதுலதான்.”

போனை அத்தையிடம் கொடுத்தேன். பவளப்பாறை கிழித்துப் பாதம் முழுக்கக் காயம் என்று அவரிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஊசி போட்டாயா என்று அத்தை மூன்று முறை கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அத்தியாயத்தை எழுதினேன். நாயகனைக் கொல்லவில்லை. நேரில் போய் நின்றவர் எழுதியது போலிருக்கிறது என்று பலரும் பாராட்டியிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் எழுதவில்லை.

அதுவரை என் கதை எதையும் கேட்காத அத்தை, ஒரு மத்தியானம் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்த இடத்தில், “போதும் அம்மணி” என்று எழுந்து, கொடியில் காயும் துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனார். மீதியை அவர் பிறகும் கேட்கவில்லை.