கண்டிக்குப் போக ஒரு வேலிப் பொட்டு

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். பின்னுக்கு எடுக்கத் தெரியாது. முதலாவது விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்தது. இரண்டாவது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்தது.

அவரோடு அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த ஒருவர்தான் வல்லைவெளியில் வைத்து ஓட்டப் பழக்கினார். அங்கே மரமில்லை, மதிலில்லை, வேலியில்லை. ஒரு கலியாண ஊர்வலமே நின்ற இடத்தில் திரும்பலாம். பின்னுக்கு எடுக்கிற பாடம் வருவதற்கு முன் அந்த மனிதருக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்துவிட்டது. "பிறகு லைசென்ஸ் எப்பிடிக் கிடைச்சது?" என்று அம்மா கேட்டால், "அண்டைக்கு நல்ல மழை" என்பார் அப்பா. மழைக்கும் லைசென்சுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு வடமராட்சியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒடுக்கமான ஒழுங்கையால் வந்து எங்கள் வாசல் படலைக்குள் நுழைகிற கார், அம்மா சமைக்கிற குசினியைச் சுற்றிப் பின்பக்கம் போகும். அங்கே வேலியில் ஒரு பொட்டு. பொட்டு என்றால் நாயும் கோழியும், அவசரத்துக்கு மனிசரும் நுழைகிற ஓட்டை. எங்கள் வேலியில் கார் நுழைகிற பொட்டு இருந்தது. அதற்குள்ளால் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் வளவுக்குள் புகுந்து, அவருடைய படலையால் மற்ற ஒழுங்கைக்கு வெளியேறிவிடலாம். ஒருநாளும் பின்னுக்கு எடுக்கத் தேவையில்லை.

பெரியப்பா அப்பாவின் தமையன். பாய்க்கப்பல் நடத்துகிற தண்டையலாக இருந்து கொச்சியும் ரங்கூனும் பார்த்தவர். ஆளும் பெரிது, குரலும் பெரிது. அப்பா கப்பலில் ஏறாமல் கந்தோரில் ஏறினவர். அதனால் தமையனுக்கு முன்னால் எப்போதும் ஒரு படி கீழேதான் நிற்பார். கார் வாங்கின பிறகுதான் அந்தப் படி கொஞ்சம் உயர்ந்தது. அப்படியிருக்க, தனக்குப் பின்னுக்கு எடுக்க வராது என்று அண்ணையிடம் சொல்வாரா? "பின்னுக்கு எடுத்தால் கியர் தேயும் அண்ணை, பெற்றோலும் கனக்கக் குடிக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார். பெரியப்பா அதை அப்படியே நம்பினார். நம்பினதோடு நில்லாமல், ஊரில் காரைப் பின்னுக்கு எடுக்கிறவர்களை எல்லாம் மறித்துப் புத்தியும் சொன்னார்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், கண்டிக்குக் காரில் போவோம் என்று அப்பா அறிவித்தார். அது அம்மாவின் ஆசை. எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போனால் கேணி இருக்கும், கடல் இருக்கும், மலை இராது. சின்ன வயதில் மலை பார்க்கலாம் என்று நம்பிப் போய் ஏமாந்த கோபம் அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. குசினிச் சுவரில் தேயிலை மலைப் படம் போட்ட ஒரு கலண்டர் தொங்கியது. ஆண்டு முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் அதை அவ கழற்றவில்லை.

ஆசைப்பட்டு என்ன? எங்கள் வீட்டில் எந்தப் பயணமென்றாலும் அம்மாதான் வீட்டோடு நிற்பா. கதிர்காமத்துக்கு எல்லாரும் போனார்கள், அம்மா நின்றா. கொழும்பில் கலியாணம், அம்மா நின்றா. மாடு நிற்குது, கோழி நிற்குது, வீட்டுக்கு ஆள் வேணுமே என்பார்கள். ஒருவரும் அவவை மறித்ததில்லை. ஆள் கூடிவிட்டது என்று எவராவது சொன்னவுடன், "நான் நிக்கிறன்" என்று அவவே சொல்லிவிடுவா. இந்தமுறை அப்பா கண்டிப்பாகச் சொன்னார், "இது உனக்கெண்டு போற பயணம். நீ வராட்டில் கார் வெளிக்கிடாது."

அதற்குப் பிறகு தொடங்கியது திட்டமிடல். ஊரில் மற்றவர்கள் போகிற வழியைப் பார்ப்பார்கள். அப்பா திரும்புகிற வழியைப் பார்த்தார். என் பள்ளிக்கூடத் தேசப்படத்தைப் பாயில் விரித்து வைத்து, கோயில் கோயிலாகப் புள்ளி போட்டார். காரணம், கோயிலென்றால் நாலு பக்கமும் வீதி இருக்கும். ஒரு சுற்றுச் சுற்றினால் வந்த பக்கமே முகம் திரும்பிவிடும். நல்லூரில் காருக்குத் தேங்காய் அடித்து ஒரு வலம். அங்கிருந்து கண்டி வீதியைப் பிடித்து நேரே தெற்கு. முறிகண்டிப் பிள்ளையார் தெருவோரத்தில் இருப்பதால் அவரோடு பிரச்சினை இல்லை. மாத்தளையில் மாரியம்மன், அங்கேயும் ஒரு வலம்.

"நாங்கள் சாமி கும்பிடவோ போறம், மலை பாக்கவோ?" என்று அம்மா கேட்டா.

"ரெண்டும்தான்" என்றார் அப்பா. அவ்வளவு பக்தியை அவரிடம் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கண்டியில் தங்குவது அவருடைய வேறொரு பழைய கந்தோர் நண்பர் வீட்டில். எல்லாச் சுகமும் விசாரித்து, கடைசியில் உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல், எத்தனை கேற் என்று கேட்டு அப்பா எழுதினார். ஒரு கேற்தான், ஆனால் நல்ல பெரிய கேற் என்று அந்த மனிதர் பெருமையாகப் பதில் போட்டார். அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. பிறகு, கண்டி நகரின் நடுவில் ஒரு வாவி இருக்கிறது, அதைச் சுற்றி வீதி போகிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். காரை வாவிக்கரையில் விட்டுவிட்டு நண்பர் வீட்டுக்கு நடந்து போவதென்று தீர்மானமாயிற்று.

மலைப்பாதையில் எதிரே லொறி வந்தால்? ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவன்தான் இடம் விடவேண்டும் என்று கேட்டு அறிந்தார். அப்படியென்றால் ஏறும்போது பயமில்லை. இறங்கும்போது? இரண்டு நாள் யோசித்து, "இறங்கேக்கை விடியப்புறமே வெளிக்கிட்டிடுவம்" என்றார். லொறிக்காரர் எல்லாரும் கந்தோர் நேரம் பார்த்துத்தான் எழும்புவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

கார் சின்னது. முன்னுக்கு அப்பாவும் தண்ணீர்ப் பானையும். மலைநாட்டுத் தண்ணீர் தடிமனும் தும்மலும் கொண்டுவரும் என்பதால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கூடவே வரவேண்டும், அது காருக்கும் உதவும். பின்னுக்கு அம்மா, நான், தம்பிமார் இரண்டு பேர், மடியில் கட்டுச்சோறு. இதற்குமேல் ஒரு பூனைக்குட்டிக்கும் இடமில்லை.

அதனால்தான் பெரியப்பாவுக்குச் சொல்வது பெரிய சங்கடமாகிவிட்டது. மூத்தவருக்குச் சொல்லாமல் பயணம் போவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. சொன்னால் அவரும் வருவார். அவர் வந்தால் ஆள் கூடும், ஆள் கூடினால் நிற்கப்போவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். "முதல்நாள் பின்னேரம் சொல்லுவம்" என்றார் அப்பா. "அவருக்கு வெளிக்கிட நேரம் இராது." அப்பாவை நான் கெட்டிக்காரர் என்று நினைத்தது அந்த ஒருநாள்தான்.

ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. கடற்கரையில், தேத்தண்ணிக் கடையில், கோயிலடியில் என்று பெரியப்பாவுக்குச் செய்தி எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. தம்பி வந்து வாயால் சொல்லட்டும் என்று மனிதர் ஒவ்வொரு நாளும் காத்திருந்திருக்கிறார். முதல்நாள் பின்னேரம் அப்பா போய்ச் சொன்னபோது, "ஓம், போட்டு வா" என்றார். அவ்வளவுதான். அப்பா சந்தோஷமாகத் திரும்பி வந்தார். பெரியப்பா ஒரு வரியோடு பேச்சை நிறுத்தினால் அது நல்லதுக்கில்லை என்று தம்பிக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடிய நாங்கள் குளித்து வெளிக்கிடும்போது பின்பக்கம் ஓலைச் சரசரப்புக் கேட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. அது புது ஓலையால் வேலியடைக்கிற காலம், ஊர் முழுக்க அந்தச் சத்தம்தான். முற்றத்தில் நிறைகுடம் வைத்தாயிற்று. அயலெல்லாம் வழியனுப்பக் கூடிவிட்டது. ராகுகாலம் வருவதற்குள் வெளிக்கிட வேண்டும். அம்மா புதுச் சேலையில் காரின் கதவுப்பக்கம் இருந்தா. அப்பா காரை எடுத்து, மெதுவாகக் குசினியைச் சுற்றி வந்தார்.

பொட்டு இருந்த இடத்தில் பொட்டு இல்லை. புதுக் கதியால் தடி, புது ஓலைக் கிடுகு, புதுக் கயிறு. அந்தப் பக்கம் பெரியப்பா கதிரை போட்டு இருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ன இது?" என்றார் அப்பா.

"என்ரை வேலியை நான் அடைச்சனான். நீ பின்னுக்கு எடுத்துப் போ. கியர் தேய்ஞ்சால் தேயட்டும்."

அவர் நினைத்த தண்டனை அவ்வளவுதான். தம்பிக்குக் கொஞ்சம் கியரும் கொஞ்சம் பெற்றோலும் நட்டமாக வேண்டும். தான் எங்கே அடித்திருக்கிறேன் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அப்பா கியர்த் தடியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். காருக்குள் இருந்த எங்களுக்கு அவருடைய பிடரியில் வேர்வை ஓடுவது தெரிந்தது. அயலட்டைச் சனம் குசினியைச் சுற்றி வந்து காரை மொய்த்துவிட்டது.

"இவருக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது" என்று அம்மா சொன்னா. கத்தவில்லை, சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னா. "ஆராவது தள்ளிவிடுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்பாவுக்கு அது லேசாக இருந்திருக்கும். இரண்டு பொடியள் காருக்கு முன்னால் வந்து கைவைத்தார்கள். அப்போது பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பயணம் வெளிக்கிடேக்கை பின்னுக்குப் போறதோ?" என்றா. பொடியள் கையை எடுத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தானே.

கதிரை விழுகிற சத்தம் கேட்டது. பெரியப்பா கத்தியோடு வந்தார். தான் விடிய எழும்பிக் கட்டின வேலியைத் தானே வெட்டினார். கயிறு, கிடுகு, கதியால் எல்லாம் சரிந்தன. "என்ரை தம்பி ஏன் பின்னுக்குப் போகோணும்?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்டார், ஏதோ சனம்தான் வேலியை அடைத்ததுபோல. பிறகு அப்பாவிடம் குனிந்து, "முன்னுக்கு விடடா" என்றார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் வாங்கோவன் அண்ணை" என்றார்.

"சீச்சீ, எனக்கென்னத்துக்கு?" என்றார் பெரியப்பா. அதற்குள் பெரியம்மா அவருடைய உடுப்புப் பையோடு வந்து நின்றா. அது எத்தனை நாளாகக் கட்டி வைத்த பையோ.

பெரியப்பா முன்னுக்கு ஏறினார். தண்ணீர்ப் பானை பின்னுக்கு வந்தது. பின்கதவைச் சாத்த முடியவில்லை. "ஆள் கூடிப்போச்சு" என்று சனத்துக்குள் யாரோ சொன்னார்கள். "வீட்டுக்கும் ஓராள் வேணும்தானே" என்றது இன்னொரு குரல். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்பா மட்டும் முன்கண்ணாடிக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கை கதவுப்பிடிக்குப் போனது. போய், திரும்பி மடிக்கு வந்தது.

"பிள்ளை, நீ இறங்கு" என்றா என்னிடம். "பெரியம்மாவோடை நில்."

நான் இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினேன். கிணற்றுத் தண்ணீர் கண்டிக்குப் போகுது, நான் மாட்டுக்குப் புல்லுப் போட நிற்கிறேன் என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் எல்லாரிடமும் மலை பார்க்கப் போகிறேன் என்று அளந்து வைத்திருந்தேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அடுத்தமுறை உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று பொய்யும் சொல்லவில்லை. கார் சரிந்த கிடுகுகளின்மேல் ஏறிப் போனது. அவ சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தா. அவர்கள் திரும்பி வந்த பிறகும் கனநாள் நான் அவவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு நான் மலையை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். பேராதனையில் படித்தேன், மலைக்குள்ளேயே வேலை செய்தேன், கடைசியில் மலை அலுத்தும் போயிற்று. அம்மா அந்த ஒரு தரம்தான் பார்த்தா. அதைக்கூட அவ எனக்குத் தூக்கித் தந்திருப்பா. தராமல் இருந்துவிட்டா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.