நின்ற பாட்டுக்கு ஒரு தட்டு

தொண்ணூறுகளில் நாங்கள் வெளிநாட்டில், மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். எதிர்க்கதவில் இருந்த ஜேர்மன்காரப் பெண் சேர்ச்சில் பாடுகிறவள். ஒரு ஞாயிறு பின்னேரம் எங்களையும் கச்சேரிக்குக் கூப்பிட்டாள். வெளியில் பெயர் தெரியாத ஒரு பழைய ஜேர்மன் இசையமைப்பாளருடைய பாட்டாம். சின்ன ஊர்ச் சேர்ச்சில் ஓர்கன் வாசித்துக்கொண்டு, ஞாயிறுக்கு ஞாயிறு புதுசாக எழுதிக் கொடுத்த மனிதராம்.

எனக்கு அந்தச் சங்கீதம் விளங்காது. ஆனாலும் பாட்டென்றால் கை சும்மா இருக்காது. தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, கையைச் சும்மா வைச்சிருங்கோ. ஆக்கள் பாக்கினம்," என்றாள் மனைவி.

என்னால் முடியவில்லை. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கூரையைத் தொடப்போகிற நேரம், பாதி வரியில் எல்லாரும் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் என் கை மட்டும் அடுத்த தட்டைப் போட்டது. சேர்ச் முழுக்கக் கேட்டது.

எனக்குக் கூசிப் போய்விட்டது. வெளியில் வந்ததும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பாட்டு நின்ற அந்த இடத்தோடு, அதை எழுதியவர் இறந்துபோனார். மிச்சம் எழுதவில்லை," என்றாள். "எங்களுக்குத் தெரியும், அதனால் நின்றுவிடுவோம். நீங்கள்தான் அவரோடு இன்னும் ஒரு அடி கூடப் போனீர்கள்."

பஸ்ஸிலும் என் கை தாளம் போட்டது. மனைவி தடுக்கவில்லை.

அவருடைய பாஷையில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அடுத்த தட்டு எங்கே விழவேண்டும் என்று என் கைக்குச் சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதர் போயிருக்கிறார்.