ஐம்பது வாட் எலுமிச்சை

என் வீட்டுக்காரருக்குத் துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடை மாட்டும் வேலை. தெருவே அவரைப் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தலையில்லாத கூட்டத்துக்கு வாராவாரம் கையைக் கழற்றி, சட்டையைப் போட்டு, மறுபடி கையை மாட்ட வேண்டும். ஒருமுறை ஒரே பொம்மைக்கு இரண்டு வலது கைகளை மாட்டிவிட்டு வந்துவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை, சட்டையும் விற்றுப்போனது. அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பொம்மைக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் மடித்து ஊக்கு குத்திவிடுவார். தெருவிலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். இந்த வித்தையைக் கடையோடு விட்டிருந்தால் எனக்கென்ன வந்தது? வீட்டையும் அப்படித்தான் நடத்துகிறார். எங்கள் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறோமே, அதை யாரும் நகர்த்திப் பார்த்துவிடக் கூடாது.

எங்களுக்கு ஒரே மகள். வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போகும்போது, தான் விதை போட்டு வளர்த்த எலுமிச்சைத் தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தாள்.

"அப்பா, இத மட்டும் சாகவிட்டீங்க, உங்ககூடப் பேசவே மாட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர் அதைக் கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தது போல எடுத்துக்கொண்டார். அவள் போன கொஞ்ச நாளிலேயே பக்கத்து மனையில் கட்டடம் எழும்பி, தொட்டி இருந்த அவள் அறை ஜன்னலை முழுசாக மறைத்துவிட்டது. வெயில் நின்றது, இலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டின. அவள் போனில் கேட்கும்போதெல்லாம் இவர் தொட்டியைத் திருப்பி வைத்து, இலை மிச்சமிருந்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "காய்கூட வச்சிருக்கும்மா" என்று அளந்துவிட்டார். அவள் அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொன்னதும் மனிதர் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். செடி போனால் மகள் பேச்சும் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தார். பாவமாகத்தான் இருந்தது.

எல்இடி வெளிச்சத்தில் செடி வளரும் என்று யாரோ சொல்ல, அந்த விளக்கைத் தானே செய்யப்போவதாகக் கிளம்பினார். ரெடிமேட் வாங்குவது கேவலமாம். சோறு போடுவதே ரெடிமேட் கடைதான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

தபால்தலை அளவில் மஞ்சளாக ஒரு எல்இடி சிப் வாங்கினார். வீட்டுக் கரண்டை அதற்கு ஏற்றபடி அடக்கிக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். சிப்பில் ஐம்பது வாட் என்று இருந்தது, டிரைவரிலும் ஐம்பது வாட் என்று இருந்தது. சீட்டும் சீட்டும் ஒத்துப்போனால் வேறென்ன வேண்டும்? சிப்பின் சூடு இறங்க என் அலுமினிய வாணலியைக் கேட்காமல் எடுத்து, அதன் அடியில் திருகி, உத்தரத்தில் தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டார். ஒன்றும் எரியவில்லை.

"கொஞ்சம் சூடேறணும் போல" என்றார்.

"ஏங்க, இது விளக்கா, அடுப்பா?"

மறுநாள் சிப் விற்ற எலக்ட்ரிக் கடைக்காரர் அந்த டிரைவரைத் திருப்பிப் பார்த்தார். "சார், இது பன்னெண்டு வோல்ட்தான் குடுக்கும். உங்க சிப் முப்பதுக்கு மேல கேக்குது. எப்படி எரியும்? இடுப்பளவு மட்டும் பாத்து பேன்ட் வாங்குவீங்களா?"

"வாங்குவேனே. பெருசா இருந்தா பின்னால ஊக்கு குத்திடுவேன்."

கடைக்காரர் முப்பதிலிருந்து முப்பத்தாறு வோல்ட் வரை கொடுக்கும் டிரைவர்கள் இருந்த தட்டைக் காட்டினார். அதில் ஒன்றரை ஆம்பியரும் இருந்தது, மூன்று ஆம்பியரும் இருந்தது. ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது எப்போதும் நல்லது என்று இவர் மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இந்தத் தடவை எரிந்தது. எரிந்தது என்றால், அறைக்குள் சூரியனே இறங்கிவிட்டது. "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தார். எதைப் பார்ப்பது? நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு பொசுங்கும் நாற்றம் வந்தது, இருட்டாகிவிட்டது. சிப்பின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. பதறி ஓடியவர் தொட்டியில் இடித்துக்கொண்டதில், இருந்த இலைகளிலும் இரண்டு உதிர்ந்தன.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். கடைக்காரர் இவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"அம்மா, வோல்ட்டும் பொருந்தணும், ஆம்பியரும் பொருந்தணும். டிரைவர் எவ்வளவு தள்ளுதோ, சிப் அதத் தாங்கணும். தாங்கலன்னா கருகிடும். தயவுசெஞ்சு சார்கிட்ட சொல்லுங்க, கரண்டுக்கு ஊக்கு குத்த முடியாதுன்னு."

புது சிப்பும், அதற்கேற்ற ஒன்றரை ஆம்பியர் டிரைவரும் வாங்கினோம். விளக்கு அடக்கமாக, ஒழுங்காக எரிந்தது. இவர் வேலை விட்டு வந்ததும் வாணலிக்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டு கிளை கிளையாகத் தேடுவார். ஒருநாள் குண்டூசித் தலை மாதிரி ஒரு பச்சை தெரிந்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அது விரிந்தது, பக்கத்தில் இன்னும் சில துளிர்த்தன. ஆனால் காய்க்கு எங்கே போவது? மகள் வரும் நாள் காலையில் சந்துமுனைக் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, பச்சை நூலால் கிளையில் கட்டிவிட்டார்.

மகள் பெட்டியைப் போட்டதும் போடாததுமாக நேரே அந்த அறைக்குப் போனாள். வாணலியைப் பார்த்தாள். அதன் கீழே பாதி மொட்டையாக நின்ற செடியையும், கிளையே வளைந்துபோகும்படி தொங்கிய பழத்தையும் பார்த்தாள். தொட்டதும் பழம் கையோடு வந்துவிட்டது.

"அப்பா, இதுல என்ன, கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு?"

"அது... ரகம்மா. அந்த ரகத்தோட பேரு."

அடக்க முடியாமல் சிரித்தது நான்தான். அவளும் தரையிலேயே உட்கார்ந்து, பழத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சாகலம்மா. மொட்டையா இருக்கு, அவ்வளவுதான். காய்னு சொன்னது பொய். என்கூடப் பேசுவல்ல?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பழத்திலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா நீங்க என்கூடப் பேசுவீங்களாப்பா? வேலை நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு போன்ல சொன்னேன்ல. நல்லா இல்லப்பா. என்னால முடியல. விட்டுட்டு வந்துட்டேன். இது லீவு இல்ல."

அப்படி என்னடி ஆச்சு, முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேள்விகள் வரிசையாக என் வாய்வரை வந்துவிட்டன. அவள் தலையைத் தூக்காமல் அப்பாவின் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

இவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அப்ப, நீ திரும்பிப் போக வேண்டாமா?"

அவள் பயந்து பயந்து சொன்ன அத்தனையிலும் இவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு நானும் அழுதுவிட்டேன்.