அண்ணன் சொன்ன ‘ஆத்தா ஹை’

எங்கள் அண்ணனை வழியனுப்பி ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். படிப்பவர்கள் கண் கலங்கும்படி அடக்கமாக எழுதித் தாருங்கள் சித்தப்பா என்று அண்ணன் மகன் கேட்டான். முயன்று பார்த்தேன், முடியவில்லை. அண்ணனை நினைத்தாலே எனக்குக் குரல் உசந்துவிடுகிறது, நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு வந்தபடியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். எங்கள் அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசை கூட அரும்பவில்லை. ஊர்க்காரர் ஒருவரோடு ரயிலேறி பம்பாய் வந்து, தாராவியில் தோல் கிட்டங்கி ஒன்றில் சுமை தூக்கி, பட்டினி கிடந்து, பிறகு செம்பூர்ப் பக்கம் ஓர் அரசாங்கப் பணிமனையில் பிட்டராகச் சேர்ந்தார். வேலை நிரந்தரமானதும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் நானும் அதே பணிமனையில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தேன்.

வீட்டில் அண்ணன் சாதுவான மனிதர், ஒரு விஷயத்தைத் தவிர. வெளியே கிளம்புகிற யாராவது ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘வாரேன்’ என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். மதினி ஒருநாள் அவசரத்தில் அப்படி வாய் தவறி, ரேஷன் கடை அடைக்கும்வரை உட்கார்ந்திருந்த கதை எங்கள் சந்துக்கே தெரியும். அந்த ‘வாரேன்’தான் என் வாழ்க்கையைக் காப்பாற்றியது. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பணிமனையில் கையில் இருந்த வேலை முடிகிறது, ஆகவே தற்காலிகத் தொழிலாளர்கள் எல்லோரையும் மாதக் கடைசியோடு நிறுத்தப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கோ அப்போதுதான் செம்பூருக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். செய்தி எப்படியோ அங்கே எட்டிவிட்டது. “மாப்பிள்ளைக்கு வேல நெலைக்குதான்னு பாத்துட்டு தேதி வைப்பமே” என்று பெண்ணின் அப்பா மெல்ல இழுத்தார். வேலை போனால் கல்யாணமும் போகும், அவ்வளவுதான்.

எங்கள் பணிமனையில் ஒர்க்ஸ் கமிட்டி என்று ஒன்று உண்டு. தொழிலாளர் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள். அதில் அண்ணனும் ஒரு பிரதிநிதி. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அவருடைய இந்தியும் ஒரு காரணம். அந்த இந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது, இலக்கணம் கிட்டவே வராது, ஆனால் சத்தம் மூன்று ஷெட் தள்ளிக் கேட்கும். மனசில் திருநெல்வேலித் தமிழில் நினைத்ததை அப்படியே இந்தி வார்த்தைகளில் போட்டுவிடுவார்.

பேச்சுவார்த்தை நடந்த அன்று ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, கொட்டுகிற மழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றோம். உள்ளே நடந்ததை அண்ணனும் யூனியன் செக்ரட்டரியும் பின்னால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் தில்லியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் மேலிடத்து உத்தரவைத் தாண்ட மாட்டார். பேச்சு முட்டிக்கொண்டு நின்றபோது அண்ணனைப் பார்த்து, “உங்கள் தம்பியும் இதில் இருக்கிறானாமே. அவனை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இருக்கிறது” என்றாராம். அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “சப் கோ ரக்கோ சாப், நஹி தோ பாய் கோ பி நிகாலோ!” எல்லோரையும் வையுங்கள், இல்லையென்றால் என் தம்பியையும் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்! அதோடு எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள்.

கேட்டில் செக்ரட்டரி ஒரு பெட்டிமேல் ஏறினார். அவர் மராட்டியர், நல்ல பேச்சாளி. நாளை முதல் வேலைநிறுத்தம் என்று அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. வேலைநிறுத்தம் தொடங்கினால் முதல் பலி தற்காலிகத் தொழிலாளர்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

அப்போதுதான் ஆபீஸ் பியூன் குடையைக்கூடப் பிடிக்காமல் ஓடி வந்தார். “அரே, சாப் பைட்டா ஹை! சாய் டண்டா ஹோ ரஹா ஹை!” ஐயா உட்கார்ந்திருக்கிறார், டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்கிறார்! எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், கடைசியாக வெளியேறிய மதறாஸி “ஹம் ஆத்தா ஹை சாப்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏல, வாசப்படி தாண்டயில வாரேன்னுல்லா சொல்லிட்டு வந்தேன்!”

ஆத்திரத்தின் உச்சியில் வெளிநடப்புச் செய்யும்போதுகூட அவருக்குப் ‘போறேன்’ என்று வாயில் வரவில்லை. தில்லிக்காரர் காதில் அது ‘இதோ திரும்பி வருகிறேன்’ என்று விழுந்திருக்கிறது. இவர்கள் தங்களுக்குள் கலந்து பேசப் போயிருக்கிறார்கள் என்று நம்பி, எல்லோருக்கும் டீயும் வடையும் சொல்லிவிட்டு அவர் காத்திருக்கிறார். பேச்சு முறிந்தது என்று மேலிடத்துக்குத் தகவல் போகவில்லை!

செக்ரட்டரி பெட்டிமேல் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மராட்டியிலும் கிளம்பும்போது ‘யேதோ’, அதாவது வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கமிட்டியில் இரண்டொருவர் முறைத்தார்கள். வெளிநடப்புச் செய்துவிட்டு டீ குடிக்கத் திரும்பிப் போனால் மானம் என்னாகும்?

“வாரேன்னு சொன்னது நாந்தான. நீங்க வராட்டா நா மட்டும் போறேன்” என்று அண்ணன் நடந்தார். வாழ்நாளில் அவர் ‘போறேன்’ என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றாராம். இவர்கள் இறங்கி வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில், தாமும் வெறுங்கையோடு இருக்கக் கூடாது என்று காத்திருந்த நேரத்தில் மேலிடத்துக்கு டெலிபோன் போட்டு வாதாடியிருக்கிறார். அடுத்த வேலை வரும்வரை யாரையும் நிறுத்த வேண்டாம் என்று அனுமதியும் வாங்கிவிட்டார்! எங்கள் பக்கத்திலும், எந்தப் பிரிவில் ஆள் குறைந்தாலும் தற்காலிகத் தொழிலாளர்கள் அங்கே போய் வேலை செய்வார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். இடம் காலியாகக் காலியாக நிரந்தரம் என்றும் பேசி முடித்தார்கள். கேட்டில் அதைச் சொன்னபோது நாங்கள் போட்ட கூச்சலில் மழைச்சத்தமே கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் தூக்கினோம், சகதியில் விழுந்தோம். அண்ணன் என்னைப் பார்த்து, “தேதி வைக்கச் சொல்லுல ஒன் மாமனாரை” என்றார்.

மேனேஜர் கடைசிவரை தம் பேச்சுத்திறமையால்தான் அன்று காரியம் நடந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

அண்ணன் ஓய்வுபெற்ற பிறகும் கமிட்டி ஆட்கள் யோசனை கேட்டு வீட்டுக்கு வருவார்கள். கடைசி மாதங்களில் நெஞ்சுச்சளியால் மிகவும் சிரமப்பட்டார். அப்போது கண்மூடாமல் பார்த்துக்கொண்ட மதினிக்கும், நினைத்த நேரத்தில் டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டாருக்கும், ஊரிலிருந்து உடனே கிளம்பி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்களை உங்களில் பலருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அன்று கேட்டில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள், கல்யாணிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும் தடி ஊன்றிக்கொண்டு ரயிலேறி அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள். மராட்டியர், கன்னடக்காரர், உத்தரப்பிரதேசத்துக்காரர் எல்லாம் இருந்தார்கள். வாய்க்கரிசி என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அவர் பின்னால் அத்தனை பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். இது உறவுக்காரர்கள் செய்வது என்று அவர்களிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. கூடப்பிறந்த தம்பியான நானும் அந்த வரிசையிலேயே நின்றேன். என் முறை வர வெகுநேரம் ஆனது.